பாயில் படுக்க ஒரு பாய்!

வேன் கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு ஸீட்டுக்கும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கவர் செருகியிருந்தது. "பாருடா, குப்பை போடறதுக்குக் கவர் கொடுத்திருக்கான். என்ன ஒரு நாகரிகம்!" என்று வியந்தான் இன்ஷூரன்ஸ். முக்கால் மணி நேரத்தில் அந்தக் கவர் எதற்கு என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. அடுத்த முக்கால் மணியில் என் கவரையும் வாங்கிக்கொண்டான்.

வடக்குத் தாய்லாந்தில் சியாங் மாய் என்ற பெரிய ஊர். அங்கிருந்து மலைக்குள்ளே சுமார் 130 கிலோமீட்டர் போனால் ஒரு குட்டி ஊர். பெயர், சாட்சாத் பாய். கோரைப் பாய், பத்தமடைப் பாய் என்று சொல்கிறோமே, அதே உச்சரிப்பு. போகிற வழியில் மொத்தம் 762 வளைவுகள். யார் உட்கார்ந்து எண்ணினார்களோ, அந்த எண்ணை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்கள். பாய் ஊருக்குப் போய் நாங்கள் படுக்கப் பாய் தேடிய கதைதான் இது.

நாங்கள் என்றால் நாலு பேர். பெயர் போட்டால் வீட்டில் பிரச்னை வரும் என்பதால் ஆடிட்டர், இன்ஷூரன்ஸ், பேங்க் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது நான். ஆடிட்டர் நிஜமான ஆடிட்டர் இல்லை. ஓட்டல் பில்லில் இட்லியை எண்ணிச் சரிபார்ப்பவன் என்பதால் காலேஜிலேயே வந்த பட்டம்.

போன நாள் 2024 டிசம்பர் 7, சனிக்கிழமை. நாள் பார்த்ததும் ஆடிட்டர்தான். "டிசம்பர்ல நல்ல க்ளைமேட்" என்றான். வாஸ்தவம். அவன் பார்க்க மறந்தது தாய்லாந்து காலண்டரை. டிசம்பர் 5 பழைய ராஜாவின் பிறந்த நாள், 10-ம் தேதி அரசியல் சட்ட தினம், இரண்டுமே அங்கே அரசு விடுமுறை. நடுவில் சனி, ஞாயிறு. வெயிலில் வேகும் பாங்காக் ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்வெட்டர் போட்டுப் பார்க்கும் ஆசையில் குடும்பத்தோடு வடக்கே மலை ஏறும் சமயம் அது. அதிகாலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். அதற்குப் 'பனிக் கடல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க நாலரை மணிக்கே எழுந்து மேலே போகிறார்கள். மனிதன் லீவு நாளில் நாலரைக்கு எழுவதற்கு ஒரு கடலாவது வேண்டும்தானே!

கூட்டம் இருக்கும் என்று தெரியாவிட்டாலும் ரூம் புக் பண்ணித்தான் வந்திருந்தோம். போனில் ஆப் வழியாக, ராத்திரிக்கு 700 பாத். நாங்கள் போனபோது ஒரு பாத்துக்கு ஏறக்குறைய இரண்டரை ரூபாய். "நாலு பேருக்கு 700-ஆ? பரவாயில்லையே!" என்று நீங்கள் கேட்பது போலத்தான் நானும் கேட்டேன். ஆடிட்டர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கேன். முதல்ல ரெண்டு பேர் போய் சாவி வாங்குவோம். மத்த ரெண்டு பேர் அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க. யாரு எண்ணப் போறா?" என்றான்.

நம்மில் பலர் இதைச் செய்திருப்போம், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டோம். நான் மறுத்துச் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி மூன்றரை. 'டவுனிலிருந்து 10 நிமிடம்' என்று ஆப்பில் போட்டிருந்தது. பத்து நிமிஷம் என்பது ஸ்கூட்டரில். நடந்தால் மூன்று கிலோமீட்டர், அதில் பாதி மேடு. ஊரில் டாக்ஸி என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். (எடுத்தவர்களில் கணிசமானவர்கள் முட்டியிலும் முழங்கையிலும் பிளாஸ்திரியோடு நடமாடுகிறார்கள். அதற்குப் 'பாய் பச்சை' என்று கேலிப் பெயரே உண்டு.) முகம் வெளுத்துப்போயிருந்த இன்ஷூரன்ஸை நடுவில் விட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

இடம் பிரமாதம். வயல், வயலுக்குப் பின்னால் மலை, வாசலில் ஒரு கம்பத்தின் மேல் பொம்மை வீடு மாதிரி ஒரு குட்டிக் கோயில். அந்த மனையைக் காக்கும் தேவதைக்கு. தாய்லாந்தில் அநேகமாக எல்லா ஓட்டல் வாசலிலும் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் சிவப்பு ஃபான்டா பாட்டில் திறந்து, ஸ்ட்ரா போட்டுப் படைத்திருந்தார்கள். சாமி ஸ்ட்ராவில்தான் குடிக்கும் போல.

ஆடிட்டரும் பேங்க்கும் முதலில் போனார்கள். சாவி வந்தது. நானும் இன்ஷூரன்ஸும் செடியைப் பார்ப்பது போல் பாவனை செய்து, பூவை மோந்து, பின்பக்கமாகப் போய் ரூமுக்குள் நுழைந்தோம். கதவைச் சாத்தினோம். வெற்றி!

ஐந்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. ரிசப்ஷன் பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். கைகூப்பி, சிரித்து, வாசலைக் காட்டினான்.

வாசலில் நாலு ஜோடி செருப்பு.

தாய்லாந்தில் வீட்டுக்குள்ளும் ரூமுக்குள்ளும் செருப்போடு போகமாட்டார்கள். நமக்கும் அதே பழக்கமாச்சே. பயபக்தியாக நாலு பேரும் வாசலில் விட்டிருக்கிறோம், அதுவும் அளவெடுத்தாற்போல வரிசையாக. யாரு எண்ணப் போறான்னு கேட்டானே, சின்னக் குழந்தைகூட எண்ணியிருக்கும்!

"மை ஃப்ரெண்ட்ஸ்... விஸிட்டிங்" என்றான் ஆடிட்டர். பையன் எங்கள் பைகளைப் பார்த்தான். சிரிப்பு மாறவில்லை. நாலு பாஸ்போர்ட் வேண்டும், கூடுதல் ஆளுக்கு 300 வீதம் 600 பாத் ஆகும், மெத்தை தருகிறேன் என்றான். நியாயமான கேள்வி. ஆனால் திருடன் அகப்பட்டுக்கொண்டால் நியாயம் பேச ஆரம்பிப்பான் இல்லையா? ஆடிட்டர், "ஆப்ல அப்படிப் போடலையே" என்று பிடித்துக்கொண்டான். பையன் போனில் அதே பக்கத்தைத் திறந்து 'அதிகபட்சம் 2' என்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. இரண்டு பேர் அங்கேயே தங்கி, இரண்டு பேர் வேறு இடம் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இன்ஷூரன்ஸைப் படுக்கவாவது வைத்திருக்கலாம். ஆனால் மாட்டிக்கொண்ட அவமானம் இருக்கிறதே, அது வீரமாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். "நாலு பேரா வந்தோம், நாலு பேராத்தான் போவோம். வாங்கடா, ஊர்ல வேற ரூமா இல்ல?" என்றது யார்? நான்தான். கட்டிய 700 பாத் திரும்பி வராது. சாவியை மேஜையில் வைத்துவிட்டு ராஜநடை நடந்தோம்.

ராஜநடை ஒரு கிலோமீட்டர் வரை தாங்கியது.

டவுனுக்குள் வந்து முதல் கெஸ்ட் ஹவுஸ்: 'தெம் லேவ்'. இரண்டாவது: 'தெம் லேவ்'. மூன்றாவது இடத்தில் ஒரு கிழவர் தாய் மொழியில் மட்டும் எழுதிய அட்டையைக் காட்டினார். அதற்குள் எங்களுக்கே படிக்காமல் புரிந்துவிட்டது. 'தெம் லேவ்' என்றால் நிரம்பிவிட்டது. ஒரு மொழியில் முதலில் கற்றுக்கொள்ளும் வார்த்தை வணக்கமாக இருக்கும் என்பார்கள். எங்களுக்கு இது.

நாலாவது இடத்தில் ஒருவர் நாங்கள் கேட் தாண்டி வாயைத் திறப்பதற்குள் கையை ஆட்டி 'ஃபுல்' என்றுவிட்டார். ஐந்தாவது இடத்தில் 'ஃபுல்' என்று சொல்லி நாங்கள் திரும்புகிறபோதே ஒரு வெள்ளைக்கார ஜோடி உள்ளே போயிற்று, சாவி வாங்கியது, மாடி ஏறியது.

"பாத்தியா?" என்றான் பேங்க். வேறொன்றும் சொல்லவில்லை. வயிற்றில் ஏதோ ஒன்று புரண்டது. சொந்த ஊரிலே பேச்சிலருக்கு வீடு இல்லை என்று கேட்டுப் பழகிய காதுதான். ஆனாலும் அயல்நாட்டில், இருட்டுகிற நேரத்தில், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் இருக்கிறதே, அது கொஞ்சம் கனமானது.

மணி ஆறு. மலை ஊரில் டிசம்பரில் சூரியன் போனால் கையோடு சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மெயின் தெருவில் மாலைக் கடைகள் முளைத்திருந்தன. விளக்கும் பாட்டும் வாட்டும் வாசனையுமாக ஊரே திருவிழா மாதிரி. அதன் நடுவில் ஒரு கடைப் படியில் இன்ஷூரன்ஸ் உட்கார்ந்துவிட்டான். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. "எனக்கு எங்கியாவது படுத்தாப் போதும்டா" என்றான். எப்போதும் ஜோக் அடிக்கிறவன் அப்படிச் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. ஆடிட்டர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. பத்து வருஷ சிநேகிதம் எந்த நிமிஷமும் உடையலாம் போல இருந்தது.

அவனைப் பேங்க்கிடம் ஒப்படைத்துவிட்டு நானும் ஆடிட்டரும் ஆற்றுப் பக்கம் போனோம். ஊரை ஒட்டிப் பாய் ஆறு ஓடுகிறது. குறுக்கே மூங்கில் பாலம். மழைக் காலத்தில் வெள்ளம் அதைக் கொண்டுபோய்விடும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி கட்டுவார்கள். மிதித்தால் பழைய கட்டில் மாதிரி முனகுகிறது. அக்கரையில் மங்கலாக ஒரு பல்பு. ஓலைக் கூரை போட்ட நாலு மூங்கில் குடில்கள், முன்னால் அடுப்பு மூட்டிக்கொண்டு ஓர் அம்மாள். அறுபது வயசுக்கு மேல் இருக்கும்.

பையன் காட்டிய சிரிப்பு இந்த அம்மாளிடம் இல்லை. நிமிர்ந்து பார்த்து, "எத்தனை பேர்?" என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான்.

நான் ஆடிட்டரைப் பார்த்தேன். ஆடிட்டர் தொண்டையைச் செருமி, நாலு விரலைக் காட்டினான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக டிஸ்கவுன்ட் கேட்காமல் ஒரு கணக்கு சொன்னான்.

இரண்டு குடில், ஒவ்வொன்றும் 400 பாத். நாலு பாஸ்போர்ட் வேண்டும். நாங்கள் எதுவும் கேட்பதற்குள் தன் போனில் பேசி அதை இங்கிலீஷாக்கிக் காட்டினார். தாய்லாந்தின் 1979-ம் வருஷத்துக் குடிநுழைவுச் சட்டப்படி வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் இடத்தின் சொந்தக்காரர் இமிகிரேஷனுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் அபராதம் அவருக்கு. தலை எண்ணி வாடகை வாங்குவதற்காக மட்டும் அந்தப் பையன் செருப்பை எண்ணவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மறைக்கப் பார்த்த இரண்டு பேரும் அவன் தலையில் விடியும் இரண்டு பேர்.

எங்களில் ஒருவனுக்கு ஜுரம் என்று சொன்னதும் அந்த அம்மாள் எழுந்துவிட்டார். பாலத்தைத் தாண்டி இன்ஷூரன்ஸைத் தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மெத்தை போட்டு, கொசுவலை கட்டி, மூன்று கம்பளி வைத்திருந்தார். அரிசியைக் குழைய வேகவைத்து இஞ்சி போட்ட கஞ்சி ஒரு கிண்ணம். மீன் சாஸ் ஊற்றலாமா என்று கேட்டு, இவன் முகம் போன போக்கைப் பார்த்து உப்பு மட்டும் போட்டார். மெடிக்கல் ஷாப்புக்கு ஆடிட்டரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து அவரே ஓட்டிக்கொண்டு போனார். ஆடிட்டர் கண்ணை மூடியபடி போய்க் கண்ணை மூடியபடி வந்தான்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டோம். "பா" என்றார். தாய் மொழியில் 'பா' என்றால் பெரியம்மா, பெரிய அத்தை முறை. ஆக அன்றிரவிலிருந்து அவர் எங்களுக்குப் பெரியம்மா.

குடில் நாலு என்றேன் அல்லவா? ஆறு இருந்ததாம். அந்த வருஷம் செப்டம்பரில் பாய் ஆறு பொங்கியதில் கரையோரம் இருந்த இரண்டு போய்விட்டன. மறுநாள் காலையில் தூணில் சேறு படிந்த கோட்டைக் காட்டினார். என் மார்பு உயரம். 2005-லும் இப்படி ஒரு பெரிய வெள்ளம் வந்து கரையோரக் குடில்களை அடித்துப் போயிருக்கிறது. "பின்னே ஏன் மறுபடி ஆத்தங்கரையிலேயே?" என்று பேங்க் தன் லோன் ஆபீசர் புத்தியில் கேட்டான். ஆறு தெரிகிற ரூமைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள் என்றார் பெரியம்மா. அந்த நாலு நாள் விடுமுறைக் கூட்டத்திலும் அவரிடம் மட்டும் ரூம் காலியாக இருந்ததற்குக் காரணமும் வெள்ளம்தான். ஆப்பில் இருந்த போட்டோக்களைப் பழசு என்று எடுத்துவிட்டார், புதுசு இன்னும் போடவில்லை.

ராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். வெளியே பதிமூன்று டிகிரி. மூங்கில் தட்டிச் சுவருக்கு அந்த விஷயம் தெரியாது, காற்றை அப்படியே உள்ளே விட்டது. சரியாகக் கண் அசரும்போது தலைக்கு மேலே கூரையிலிருந்து, "டுக்கே... டுக்கே... டுக்கே!" ஆடிட்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மாலை முழுக்க முகம் கொடுக்காதவன்! டார்ச் அடித்தால், முழங்கை நீளத்தில் ஆரஞ்சுப் புள்ளி போட்ட ஒரு பல்லி. அதன் பெயரே 'துக்கே'தான், கத்துவதையே பெயராக வைத்துவிட்டார்கள். நாலு மணிக்குச் சேவல். நாலே காலுக்குப் பக்கத்து வீட்டுச் சேவல் அதற்குப் பதில். நாலரைக்குப் பனிக் கடல் பார்க்கப் போகிறவர்களின் ஸ்கூட்டர்கள். எழுந்து வெளியே வந்தால் ஆற்றின் மேல் வெள்ளையாகப் பனி. நாங்கள் மலை ஏறவேயில்லை, கடல் எங்கள் வாசலுக்கே வந்திருந்தது.

இன்ஷூரன்ஸ் பத்து மணிக்கு எழுந்து, "பசிக்குதுடா" என்றான். உலகத்திலேயே இனிமையான வார்த்தை.

அடுத்த மூன்று நாளில் ஊரைப் பார்த்தோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் கட்டிய பாலம் என்று எல்லாரும் போட்டோ எடுக்கும் இரும்புப் பாலம், உண்மையில் சியாங் மாயிலிருந்து பிற்பாடு பிரித்துக் கொண்டுவந்து மாட்டியது. ஜப்பான்காரர்கள் கட்டியது மரப்பாலம். வெள்ளை புத்தர் சிலைக்கு 353 படி. யுன்னானிலிருந்து வந்த சீனர்களின் கிராமம். இதெல்லாம் எந்தக் கைடிலும் கிடைக்கும். நான் ஆசையாகப் பார்த்தது ரூம்களை. பல் போனவன் பக்கோடாக் கடையையே பார்ப்பது போல, போகிற வழியில் எல்லாம் நுழைந்து ரூம் பார்த்தேன்.

பார்த்ததில் தெரிந்தது: டவுனுக்குள், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய சந்துகளில் தங்கினால் சாப்பாடும் கடையும் பக்கம், பாட்டும் பக்கம். ராத்திரி பன்னிரண்டு வரை தலையணைக்குள்ளே டிரம்ஸ் கேட்கும். அக்கரையில் அமைதி, ஆனால் சேவல். மேலே வயல் நடுவில் இருப்பவை போட்டோவுக்கு அழகு, ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போங்கள். மோட்டார் சைக்கிளுக்கு இன்டர்நேஷனல் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் மடக்கும், விழுந்தால் இன்ஷூரன்ஸும் பணம் தராது. (எங்கள் இன்ஷூரன்ஸே சொன்னது.) ஸ்கூட்டர் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், ரொக்க டெபாசிட் வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. 'நாம் உன்', அதாவது வெந்நீர் இருக்கிறது என்று சொன்னால் குழாயைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். மறுபேச்சே வேண்டாம், டிசம்பரில் அது உயிர்ப் பிரச்னை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ரூமைக் காட்டு என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இன்னொன்று: பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வாடகை மலிவு என்று ஆசைப்படாதீர்கள். காட்டிலும் வயலிலும் தீ வைக்கிற பருவம் அது. மலையே தெரியாமல் புகை மூடிவிடும். மழை மாதங்களில் போனால் பச்சைப்பசேல், ரூமும் பேரம் பேசலாம். ஆற்றை ஒட்டிய குடில் மட்டும் அப்போது வேண்டாம், பெரியம்மா மன்னிக்க.

மூன்றாம் நாள் டீக்கடையில் அந்த வெள்ளைக்கார ஜோடியைப் பார்த்தோம். சாவி வாங்கி மாடி ஏறியதே, அதே ஜோடி. பேச்சு கொடுத்தேன். அவர்கள் அந்த ரூமை ஒரு மாசம் முன்பே புக் பண்ணியிருக்கிறார்கள். பேங்க் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறப்பதற்கு முன் கையாட்டிய அந்த நாலாவது இடத்துக்காரர் விஷயம் மட்டும் இன்றுவரை தெரியாது. அவர் ரூமும் நிஜமாகவே நிரம்பியிருக்கலாம். இல்லை, எங்களைப் போல இரண்டு பேர் ரூமில் நாலு பேர் நுழைந்த யாரோ முன்னால் வந்து போயிருக்கலாம்.

கிளம்புகிற நாள் பெரியம்மா கஞ்சிக்கும் பெட்ரோலுக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். ஆடிட்டர் அவர் குடிலைப் புதுசாக இருபது போட்டோ எடுத்து, அவர் போனில் ஆப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொடுத்தான். 'அதிகபட்சம் எத்தனை பேர்' என்ற கட்டம் வந்தபோது பெரியம்மாவைக் கேட்டு, 2 என்று போட்டான்.

சியாங் மாய் வேனில் உட்கார்ந்ததும் கணக்கு நோட்டை எடுத்தான். பி.காம். படித்த பாவத்துக்கு நானும் எட்டிப் பார்த்தேன். முதல் ராத்திரிக்கு அந்தப் பையன் கேட்டதைக் கொடுத்திருந்தால் 700-ம் 600-ம் ஆக 1,300 பாத். நாங்கள் செலவழித்தது 700-ம் 800-ம் ஆக 1,500. வித்தியாசம் 200 பாத், தலைக்கு 125 ரூபாய் நஷ்டம்.

"அந்த 700-ஐ எந்தத் தலைப்புல எழுதறது?" என்று கேட்டான் ஆடிட்டர். தங்கும் செலவு என்று எழுத முடியாது, தங்கவில்லையே. வாராக் கடனா? யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதி மூடினான். முதல் வளைவு வந்தது. இன்ஷூரன்ஸ் கவரை எடுத்து மடியில் விரித்துக்கொண்டான்.

சியாங் மாயில் இறங்கியபோது நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'செருப்பு, 4 ஜோடி - 700' என்று இருந்தது.